எல்எஸ் என்கிற அட்டெண்டர்

சித்தூரில் ஒரு பழைய காகிதம் இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துகொள்ள, நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதரைத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது இரண்டு எழுத்து தெரிந்தால் போதும். எல், எஸ். கறுப்புத் திரையில் இந்த இரண்டையும் தட்டி, எந்தக் கிடங்கு என்று பக்கத்தில் எழுதிவிட்டால், மும்பையில் கிடக்கும் கோப்புகளின் பெயரெல்லாம் திருப்பதியில் என் மேஜைமேல் வரிசையாக வந்து நிற்கும். யாருக்கும் வணக்கம் போட வேண்டாம். காபி வாங்கித் தர வேண்டாம். இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள். நானும் மறுப்பதில்லை, எனக்குச் சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது.

முன்னால் சொன்ன மனிதர் ஓர் ஆவண அறையின் அட்டெண்டர். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். என் தாய்மாமா சித்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். பள்ளிக்கூட லீவில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது என் வேலை. ஆவண அறை வாசலில் மாமா செருப்பைக் கழற்றுவார். கழற்றச் சொல்லி எங்கும் எழுதி வைக்கவில்லை.

"அட்டெண்டர்காரு, சௌக்கியமா?"

"ஏதோ இருக்கேன் குமாஸ்தாகாரு."

வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, காகிதத்தில் இங்கிலீஷ் என்று வாழ்கிற ஊர் அது. "காரு" இரண்டு பக்கமும் சரிசமமாகவே போய் வந்தது. யாருக்கு யார் தேவை என்பதில் மட்டும் இருவருக்கும் குழப்பம் கிடையாது.

அறைக்குள் கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள். அவற்றில் சிவப்புத் துணியில் கட்டிய கட்டுகள். அந்துருண்டை வாசனை, அதையும் மதிக்காமல் காகிதத்தைத் தின்று கொழுத்த ராமபாணப் பூச்சிகள். வாசலருகே ஒரு பெரிய பதிவேடு. எந்தக் கட்டு எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். அட்டெண்டர் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. எப்போதோ ஒரு மழையில் கூரை ஒழுகியபோது அலமாரிகளை இடம் மாற்றிவிட்டார்கள், பதிவேட்டை மாற்றவில்லை. அதனால் பதிவேடு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் பெரிய அதிகாரிகளுக்காக மட்டும் உயிரோடு இருந்தது. நிஜமான பட்டியல் அட்டெண்டரின் தலைக்குள் இருந்தது.

மாமா வருஷத்தையும் ஊரையும் சொல்வார். அட்டெண்டர் கண்ணை மூடிக்கொள்வார். "அது கடப்பையிலேர்ந்து வந்த கட்டு. கிழக்கு ஜன்னலாண்ட, கீழ்த்தட்டு. முடிச்சு எடது பக்கமா போட்டிருக்கும்." போய்ப் பார்த்தால் இடது பக்கமாகவே முடிச்சு இருக்கும். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கட்டுக்குள் இருந்ததில் பெரும்பகுதி இங்கிலீஷ்.

"கடப்பையிலேர்ந்து வந்த கட்டு" என்று அவர் சொன்னது சும்மா இல்லை. சித்தூர் மாவட்டம் பிறந்ததே 1911 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். அதற்கு முன்னால் சித்தூர் வட ஆற்காட்டு மாவட்டத்தின் தலைமையிடம். புது மாவட்டம் போட்டபோது வட ஆற்காடு வேலூருக்குக் குடிபோனது. மதனப்பள்ளியும் வாயல்பாடும் கடப்பையிலிருந்து எங்களிடம் வந்தன. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி தமிழ்நாட்டுக்கு. மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களுடைய காகிதம் மட்டும் வண்டியேறிக்கொண்டே இருந்தது. ஒரு பாகப் பிரிவினை வழக்குக்கு மாமா வேலூர், சித்தூர், திருத்தணி மூன்று ஊருக்கும் நடந்திருக்கிறார். ஒவ்வோர் ஊரிலும், "இங்கே இல்லை, அங்கே போய்க் கேளுங்க" என்பதை மட்டும் உடனே சொன்னார்கள்.

மற்றதற்கெல்லாம் "ரேபு ரண்டி." நாளைக்கு வாங்க.

ஆந்திராவில் 1990களில் கிராமத்து வீட்டுக் கதவுகளில் "ஓ ஸ்திரீ ரேபு ரா" என்று எழுதி வைப்பார்கள். ராத்திரியில் கதவைத் தட்ட வரும் பெண்பேய் அதைப் படித்துவிட்டு, சரி, நாளைக்கு வருவோம் என்று திரும்பிப் போய்விடுமாம். மறுநாளும் வந்து அதையே படிக்குமாம். பேயை இப்படிச் சமாளிக்கலாம் என்று ஜனங்களுக்கு யோசனை வந்தது எந்தெந்த ஆபீஸ் வாசல்களில் நின்று என்பது பற்றி எனக்குச் சொந்தக் கருத்து உண்டு.

அட்டெண்டர் பேராசைக்காரர் இல்லை. வேகத்துக்குத் தகுந்த மாதிரி வாங்குவார். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் காகிதம் வரும், வாரக் கணக்கில். காபி வாங்கிக் கொடுத்தால் சாயங்காலம். "பார்த்துச் செய்றேன்" என்று மாமா சொல்லிவிட்டால், நாங்கள் வாசல் பெஞ்சில் உட்காருவதற்குள் கட்டு பிரிந்திருக்கும். இந்த மூன்று வேகத்தையும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிராமத்தில் இதே இடத்தில் கர்ணம் இருந்தார். அடங்கல் என்ற நிலக் கணக்கை எழுதுவது அவர். அதை வைத்திருப்பதும் அவர் வீட்டு மரப்பெட்டி. என்.டி. ராமராவ் அரசாங்கம் 1984-இல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒரேயடியாக எடுத்துவிட்டது. எடுக்க வேண்டியதுதான், அந்தப் பெட்டிக்குள் எத்தனை ஏழைகளின் நிலம் காணாமல் போனது என்று கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் பதவி போன வேகத்தில் பெட்டியில் இருந்ததெல்லாம் வந்து சேரவில்லை. பிறகு வந்தவரிடம் ஒப்படைத்த பட்டியல் இருந்தது. பட்டியலைப் படித்து, "இந்த மூணாவது புஞ்சை அந்தப் புளியமரத்துக்கு வடக்கால" என்று சொல்ல ஆள் இல்லை.

பட்டியலுக்கும் பொருளுக்கும் நடக்கும் இந்த இழுபறி எங்கள் பக்கத்தில் புதிதில்லை. சொல்லப்போனால் திருமலையே ஒரு பெரிய சேமிப்புக் கிடங்கு. கோயில் சுவர்களிலும் மண்டபங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். பெரும்பாலானவை தமிழ். சாமவை என்ற பல்லவர் குலப் பெண், பத்தாம் நூற்றாண்டில் வெள்ளித் திருமேனி ஒன்றைச் செய்து கொடுத்து, அதற்குப் பூட்டிய நகைகளையும், பூஜைக்காக விட்ட நிலத்தையும் கல்லில் விவரமாக எழுதி வைத்தாள். அந்தத் திருமேனிக்குத்தான் இன்றும் இரவில் ஏகாந்த சேவை. எழுதியவர்கள் எல்லோரும் ஒழுங்காகத்தான் எழுதினார்கள். ஆனால் எது எங்கே எழுதப்பட்டது என்று ஒரு மொத்தப் பட்டியல் கிடையாது. சுவரில் எங்கே காலி இடமோ, அங்கே அடுத்த ராஜா. ஒரு தானத்தைத் தேட வேண்டுமென்றால் கோயிலைச் சுற்றிச் சுவரை வாசிக்க வேண்டும். சாது சுப்பிரமணிய சாஸ்திரி என்பவர் இருபதாம் நூற்றாண்டில் அப்படியே வாசித்தார். 1930களில் தேவஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளுக்கு அவருடைய உழைப்பு அடிப்படை.

அதைவிட எனக்குப் பிடித்தது செப்பேட்டுக் கதை. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் 1408-இல் பிறந்து 1503-இல் மறைந்தவர். ஏழுமலையான்மேல் 32,000 பாட்டுப் பாடினார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். குடும்பத்தார் பாட்டுகளைச் செப்பேடுகளில் வெட்டி, கோயிலுக்குள் உண்டியலுக்கு எதிரே ஒரு சின்னக் கல் அறையில் வைத்தார்கள். சங்கீர்த்தன பண்டாரம் என்று அதற்குப் பெயர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள். அப்புறம் அந்த அறையை ஊர் மறந்தது. நூற்றாண்டுக் கணக்கில் பக்தர்கள் அதன் எதிரே நின்று காசு போட்டுவிட்டுப் போனார்கள்.

முழுக்க மறக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1816-இல் வெளியான தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரையில் ஏ.டி. கேம்பெல் என்ற கம்பெனி அதிகாரி இந்த ஏடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பழைய தெலுங்கு இலக்கணம் ஒன்று திருப்பதிச் செப்பேடுகளில் இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஆள் வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தவர், ஓர் இலக்கணச் சுவடி தவிர மற்றதெல்லாம் கடவுள் துதி என்று தகவல் கொடுத்தார். துரைக்கு வேண்டியது இலக்கணம். துதி அவருக்கு எதற்கு? மூடிவிட்டார்கள். 1922-இல் மறுபடி கண்டெடுக்கப்பட்டு, அதற்குப் பிறகு வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் உட்கார்ந்து படித்துப் பதிப்பித்த பிற்பாடுதான் அவை பாட்டாக ஜனங்கள் காதுக்கு வந்தன.

கேம்பெல் துரை செய்தது என் கணக்கில் ஓர் எல்எஸ். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். சரியான பதிலும் வந்தது. பதிலில் பிழை சொல்ல முடியாது. தமக்கு எதிரே இருந்தது என்ன என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

இனி இந்தக் காலத்துக்கு வருவோம். திருப்பதியில் ஒரு சந்துக்குள் மாடியில் எங்கள் ஆபீஸ். வக்கீல்கள், பழைய ஜமீன் குடும்பங்கள், மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்காரர்கள் ஆகியோரின் கிரயப் பத்திரம், உயில், கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மேகத்தில் ஏற்றி வைக்கிறோம். பூச்சி அரிக்காது, மழை ஒழுகாது என்பது எங்கள் விளம்பரம். மேகம் என்று சொல்லிவிட்டு மழை ஒழுகாது என்றும் சொல்கிறோம். இதுவரை யாரும் கேட்கவில்லை.

யாரிடம் வாடகைக்கு இடம் பிடித்திருக்கிறோம் என்பது இங்கே முக்கியமில்லை. இந்தத் தொழிலுக்குப் பாதை போட்டது 2006 மார்ச்சில் அமேசான் தொடங்கிய எஸ்3. மற்றக் கடைகளின் வழக்கமும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அதில் பட்டியல் கேட்கும் கட்டளை அவர்கள் கண்டுபிடித்தது அல்ல. 1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே எல்எஸ் இருக்கிறது. எங்கள் அட்டெண்டர் சர்வீஸில் சேர்ந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். இருவரில் ஒருவர் மட்டும் ரிட்டையர் ஆனார்.

இந்தக் கிடங்கின் முதல் அதிசயம், அதற்குள் அலமாரியே கிடையாது. சித்தூர், சாய்கோடு, பலமநேர், சாய்கோடு, 1907, சாய்கோடு, கிரயம் என்று நாம் எழுதுவது அறைக்குள் அறை என்று நமக்குத் தோன்றும். அங்கே அது மொத்தமும் ஒரு கோப்பின் ஒரே நீளப் பெயர். லட்சம் கோப்பு இருந்தாலும் எல்லாம் ஒரே தரையில்தான் கிடக்கும். எல்எஸ் கேட்கும்போது, சாய்கோடு வந்த இடத்தில் பெயரை வெட்டி, ஒரே மாதிரித் தொடங்குகிறவற்றை ஒன்றாக்கி, பக்கத்தில் "பிஆர்இ" என்று போட்டு, அலமாரி இருக்கிற மாதிரி நமக்குக் காட்டும். ஆவண அறையில் அலமாரி நிஜம், பட்டியல் பொய். இங்கே பட்டியல் நிஜம், அலமாரி பொய்.

இரண்டாவது, தேதி. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் தேதி, மணி, அளவு, அப்புறம் பெயர். தேதி என்பது கோப்பு மேகத்தில் ஏறிய தேதி. மதராஸ் ராஜதானிக் காலத்துப் பத்திரம் 2021 ஆகஸ்டில் பிறந்ததாகப் பட்டியல் சத்தியம் செய்யும். நிலத்துக்குச் சொந்தக்காரரின் பேரன் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு, "சார், எங்க தாத்தா செத்து அறுபது வருஷம் ஆகுது, இப்ப எப்படி கையெழுத்துப் போட்டார்?" என்று கேட்டார். பத்திரத்துறைப் பழக்கம் உள்ளவர். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது.

பட்டியல் ஆயிரம் ஆயிரமாகத்தான் வரும். ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1,000 பெயர். அதற்கு மேல் இருந்தால் கிடங்கு நம் கையில் ஒரு டோக்கனைக் கொடுக்கும். அதைக் காட்டினால் அடுத்த ஆயிரம். கட்டளை வரியில் தட்டினால் இந்த வேலையை அதுவே பின்னால் செய்துகொள்ளும். நாமே நிரல் எழுதினால் டோக்கனை நாம்தான் பத்திரமாகப் பிடித்திருக்க வேண்டும். விஷ்ணு நிவாசத்தில் தரிசன டோக்கனுக்கு நின்று பழகிய ஊரில் இதைப் புதுப் பையன்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கட்டணம் உண்டு. எஸ்3-இல் ஆயிரம் கேள்விக்கு அரை சென்ட் என்ற கணக்கு. அற்பக் காசுதான். ஆனாலும் "இருக்கிறதா?" என்று கேட்பதற்கே காசு என்ற மரபு கைவிடப்படவில்லை.

மரபு என்றால் இன்னொன்று. 2020 டிசம்பர் வரைக்கும் எஸ்3-இல் ஒரு கோப்பை ஏற்றிவிட்டு உடனே பட்டியல் கேட்டால், அது பட்டியலில் இல்லாமலும் போகலாம். பொருள் உள்ளே போயிருக்கும்; பதிவேட்டில் ஏறியிருக்காது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் வரும். அப்புறம் இதைச் சரிசெய்துவிட்டார்கள். எனக்கு லேசான வருத்தம்.

அனுமதி விஷயம்தான் பிரமாதம். பட்டியல் பார்க்க ஓர் அனுமதி, கோப்பை எடுக்க வேறோர் அனுமதி. பெயரைப் பார்க்கலாம், திறக்க முடியாது என்று ஒருவரை வைக்கலாம். திறக்கலாம், ஆனால் என்னென்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது என்றும் வைக்கலாம். பட்டியல் அனுமதி இல்லாதவர், கிடங்கில் இல்லவே இல்லாத ஒரு கோப்பைக் கேட்டால், "இல்லை" என்று பதில் வராது. "அனுமதி மறுப்பு" என்று வரும். இல்லை என்று சொன்னால், மற்றது இருக்கிறது என்று அவர் ஊகித்துவிடுவார் அல்லவா? இந்த நுட்பத்தை அமெரிக்காவில் உட்கார்ந்து யோசித்தவர் எந்த ஆவண அறை வாசலில் வளர்ந்தார் என்று விசாரிக்க வேண்டும். எங்கள் அட்டெண்டரும் அறிமுகமில்லாதவருக்கு "இல்லை" என்று சொன்னதே கிடையாது. "நீங்க யாரு?" என்றுதான் கேட்பார்.

இப்போது அந்த மூன்று வேகம். அடிக்கடி தேவைப்படாத கோப்புகளைக் குறைந்த வாடகையில் வைக்க, 2012-இல் கிளேசியர் என்று ஓர் ஏற்பாட்டை அமேசான் கொண்டுவந்தது. பெயருக்கு ஏற்றபடி பனியில் உறைந்து கிடக்கும். எல்எஸ் கேட்டால் பட்டியலில் கம்பீரமாக நிற்கும். திறக்கப் போனால் திறக்காது. விண்ணப்பம் போட்டு உருக வைக்க வேண்டும். செலவில்லாமல் மொத்தமாகக் கேட்டால் 5 முதல் 12 மணி நேரம். கட்டணம் கட்டினால் 3 முதல் 5 மணி நேரம். இன்னும் கூடுதலாகக் கட்டினால் 1 முதல் 5 நிமிஷம். 2019-இல் இதற்கும் கீழே ஒரு பாதாளத்தைத் திறந்தார்கள். அங்கே 12 மணி நேரமும், மலிவு வழியில் 48 மணி நேரம் வரையும் ஆகும். அங்கே "பார்த்துச் செய்றேன்" எடுபடாது. உருகி வந்த பிரதியும் நாம் கேட்ட நாட்களுக்குத்தான் வெளியில் இருக்கும், அப்புறம் மறைந்துவிடும். சித்தூரில் சாயங்காலத்துக்குள் கட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

ஆக, மாமாவின் காபியும் கவனிப்பும் வெளிநாட்டுக் கம்பெனியின் விலைப்பட்டியலில் வரி மாறாமல் உட்கார்ந்திருக்கின்றன. ரசீது கொடுக்கிறார்கள் என்பது வித்தியாசம். ஜிஎஸ்டியும் உண்டு.

போன வருஷம் பலமநேர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருடைய பெரியப்பா பெயரில் இருந்த ஒரு கிரயப் பத்திரம், அவருடைய வக்கீல் எங்களிடம் கொடுத்த மூட்டையில் இருந்தது என்று உறுதியாகச் சொன்னார். எங்கள் ஆபீஸில் ஒரு காளஹஸ்திப் பையன் இருக்கிறான். கெட்டிக்காரன். "கூர்ச்சோண்டி தாத்தா, ரெண்டு நிமிஷம்" என்று அவரை உட்கார வைத்துவிட்டு, ரிகர்சிவ் என்ற வாலைச் சேர்த்து எல்எஸ் தட்டினான். திரையில் பெயர்கள் கொட்டின. ஸ்கேன்0001. ஸ்கேன்0002. புதுசு. புதுசு-ஃபைனல். ஃபைனல்-கரெக்ட். வக்கீல்சார்-அர்ஜென்ட். எங்களுக்கு முன்னால் ஸ்கேன் வேலையை எடுத்திருந்தவர்கள் வைத்த பெயர்கள். ஊர்ப்பெயர் போட்டிருந்தவையும் ஒரே மாதிரி இல்லை. பலமநேர் இங்கிலீஷில் நாலு விதம். திருப்பதியோ, வெள்ளைக்காரன் எழுதிய திரிபெட்டியிலிருந்து இன்றைய எழுத்து வரை வம்சாவளியாக இருந்தது. கிரெப் என்ற சல்லடை போட்டுச் சலித்தான். பெரியவர் பொறுமையாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியல் துல்லியமாக இருந்தது. ஒரு பெயர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொன்றும் எத்தனை பைட் என்று சொல்லியது. எங்கள் அறையில் இருந்த யாருக்கும் அதில் எந்தக் காகிதம் எது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "முடிச்சு எடது பக்கமா" என்று சொல்லக்கூடிய ஒருவரை எந்தக் கம்பெனி வாடகைக்கு விடுகிறது?

கடைசியில் வேறு வழியில் போனோம். பெரியவரையே கேட்டோம்: பத்திரம் எப்படி இருக்கும்? "மூணு பக்கம். கடைசிப் பக்கத்துல காபி கொட்டின கறை. எங்க அப்பாதான் கொட்டினார்." மூன்று பக்க ஸ்கேனுக்கு என்ன அளவு வரும் என்று பையன் கணக்குப் போட்டு, பட்டியலை அளவு வாரியாகப் பிரித்து, அந்த அளவுக்குப் பக்கத்தில் இருந்தவற்றை மட்டும் இறக்கி, ஒவ்வொன்றாகத் திறந்தான். கறை கிடைத்தது. ஆனால் அதன் நல்ல பிரதி, பாதாளக் கிடங்கில். பையன் கடிகாரத்தைப் பார்த்தான். எதிரே இருந்தவரைப் பார்த்தான். ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னான்: "ரேபு ரண்டி தாத்தா."

அந்தப் பெரியவர் சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகுதான் பெயர்களை ஒழுங்குபடுத்தும் வேலையை எடுத்தோம். ஊர், வருஷம், ஆவண வகை, கட்சிக்காரர். எந்த மொழியில் வைப்பது என்ற கேள்வி அப்போது வந்தது. எங்களிடம் வந்த சித்தூர்ப் பக்கத்துப் பத்திரங்களில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. அந்தந்தக் காகிதம் எந்த மொழியோ, பெயரும் அந்த மொழியில் என்று சமாதானமாகத்தான் முடிவு செய்தோம். மாற்றிவிட்டு எல்எஸ் தட்டினால், தமிழ்ப் பெயர்கள் எல்லாம் மேலே, தெலுங்கு எல்லாம் கீழே.

பையன் முகம் சுருங்கியது. "ஏமி அண்ணா இது?"

நான் ஒன்றும் செய்யவில்லை. கிடங்குக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய எண்கள் தெலுங்குக்கு முந்தியவை. அந்த வரிசையில்தான் பட்டியல் வரும். தமிழுக்கும் அதில் முழு மரியாதை இல்லை: அரிச்சுவடியில் கடைசியில் வருகிற ன, அங்கே ப-வுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது எங்கள் உள்வீட்டு விவகாரம். வடக்கெல்லைக்காக ம.பொ.சி. போராடி, மத்தியஸ்தர் படாஸ்கர் உட்கார்ந்து பேசி, 1959-இல் சட்டம் போட்டு, திருத்தணியை வாங்கிக்கொண்டு சித்தூரையும் திருப்பதியையும் விட்டுவிட்டு வந்த கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டவன் நான். மும்பைக் கிடங்கில் சித்தூரின் தமிழ் முதலிடத்தில் நிற்பதைப் பார்த்தபோது, முகத்தில் ஒன்றும் தெரியாமல் வைத்துக்கொள்வது சிரமமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், தெலுங்குப் பெயர்களுக்கு முன்னால் எல்லாம் 01 என்று போட்டிருந்தான். எண், எழுத்துக்கு முந்தியது. தெலுங்கு மேலே போய்விட்டது. நான் சாயங்காலம் தமிழுக்கு 00 போட்டேன்.

இந்தக் கிடங்கில் பெயர் மாற்றம் என்று ஒன்று கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். புதுப் பெயரில் ஒரு பிரதி எடுத்து, பழையதை அழிக்க வேண்டும். அப்படிச் செய்யும் ஒவ்வொரு பிரதிக்கும் கட்டணம். பழைய பதிப்புகளைக் காப்பாற்றும் வசதியை யாரோ போட்டு வைத்திருந்ததால், அழித்ததும் உண்மையில் அழியவில்லை. எல்எஸ் அதைக் காட்டாது, மாத பில் காட்டும். எல்லைப் போராட்டத்தின் இரு தரப்புக் காகிதங்களும் முழுதாக உள்ளே இருந்தன.

பில்லைப் பார்த்துவிட்டு முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். யார் ஆரம்பித்தது என்று கேட்கவில்லை. பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். எல்லாவற்றையும் இங்கிலீஷில் மாற்றச் சொன்னார். அந்த வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பலமநேருக்கு எந்த ஸ்பெல்லிங் என்பதில் மட்டும் எனக்கும் பையனுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.